வீட்டு மதகு எங்கே?

ஏரி நிறைந்து கரை ததும்பும் காலத்தில் ஊரார் முதலில் நினைப்பது மதகைத்தான். எந்த மதகை எவ்வளவு திறக்க வேண்டும், எப்பொழுது மூட வேண்டும் என்பதை அறிந்தவர் ஒருவர் ஊர்தோறும் இருந்தார். நீர்க்கட்டி என்று அவரை அழைத்தனர்; அறுவடையில் அவருக்கென்று நெல் அளந்தனர். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர் மக்கள் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த குழுக்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதை அவ்வூர்க் கல்வெட்டு கூறுகிறது. நீரைத் திறப்பதற்கு எவ்வளவு அறிவு வேண்டுமோ, அதை மூடுவதற்கும் அவ்வளவு அறிவு வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

அந்த அறிவு இன்றும் நம்மைவிட்டுப் போய்விடவில்லை. நமது சங்கத்தின் விவசாய அங்கத்தினர் ஒருவரை அவருடைய கரும்புக் கொல்லையின் நடுவே நிறுத்தி, எந்தப் பாத்திக்கு எந்த வாய்க்கால் என்று கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மரவள்ளிக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டிருப்பவர், எந்த வால்வைத் திருகினால் எந்த வரிசை நனையும் என்பதை இருட்டிலும் அறிவார். ஆனால் அவரையே அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, “ஐயா, உள்ளே குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டால், அதை எந்த இடத்தில் நிறுத்துவீர்கள்?” என்று கேட்டால், பெரும்பாலும் பதில் உடனே வருவதில்லை. “குழாய் போட்ட ஆளைத்தான் கேட்க வேண்டும்” என்பதே பலருடைய விடையாக இருக்கும்.

இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. வீட்டுக்குள் குழாய் வந்துவிட்ட பிறகு, அதை மூடும் இடத்தை அறிந்து வைத்திருப்பது குழாய் போட்டவரின் பொறுப்பு அன்று. வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பொறுப்பு. அதனைக் கற்பிப்பது கூட்டுறவுச் சங்கத்திற்கு ஏற்ற காரியமே.

தெருக்குழாய் வீட்டுக்குள் வந்தது

தெருமுனையில் ஒரு குழாய், அதைச் சுற்றிக் குடங்கள் என்றிருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அந்தக் குழாய் பழுதானால் தண்ணீர் தெருவில் ஓடும், சாக்கடையில் கலக்கும், ஊராட்சியார் வந்து பார்ப்பர். வீட்டுக்குள் இருந்த நீரெல்லாம் குடத்திலும் அண்டாவிலும் அடங்கியிருந்தது. குடம் கவிழ்ந்தால் ஒரு குடம் தண்ணீரோடு நஷ்டம் முடிந்தது.

இன்று நிலைமை வேறு. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் மத்திய அரசு ஜல் ஜீவன் இயக்கத்தை அறிவித்தது. கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் நீர் என்பது அதன் குறிக்கோள். அதே ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மாவட்டமும் வீட்டுக் குழாயும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்து வருகின்றன எனலாம். இதனோடு சொந்த ஆழ்துளைக் கிணறு, மாடிமேல் பிளாஸ்டிக் தொட்டி, சமையலறை, குளியலறை, கழிப்பறை என்று ஒரு வீட்டிலேயே நான்கைந்து இடங்களில் குழாய் திறக்கிறது. இது வரவேற்க வேண்டிய முன்னேற்றம். தாய்மாரின் இடுப்பிலிருந்து குடம் இறங்கியிருக்கிறது. ஆனால் முன்னர்க் குடத்தளவில் நின்ற நீர், இப்பொழுது தொட்டியளவில் வீட்டுக்குமேல் நிற்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு 55 லிட்டர் வீதம் நாளைக்கு 275 லிட்டர். உடைந்த குழாய் ஒன்றிலிருந்து நிமிடத்திற்கு 10 லிட்டர் வெளியேறுகிறது என்று கொண்டால், அந்த ஒரு நாள் நீர் முழுவதும் அரை மணி நேரத்திற்குள் போய்விடும். மாடியில் 1,000 லிட்டர்த் தொட்டி இருப்பின், அது காலியாக ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். குழாய்க்காரர் அதற்குள் வந்து சேர்வார் என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆகவே, தண்ணீரை நிறுத்துவது ஒரு வேலை. குழாயைப் பழுது பார்ப்பது வேறொரு வேலை. பின்னதற்குத் தொழிலறிந்தவர் வேண்டும். முன்னதற்கு வீட்டில் உள்ளவரே போதும்.

தறிக்குழியை எண்ணிப் பாருங்கள்

நெசவாளர் வீட்டில் இது வெறும் தரை நனையும் விஷயமாக நின்றுவிடுவதில்லை. குழித்தறி உள்ள வீட்டில் மிகத் தாழ்ந்த இடம் தறிக்குழியே. எந்த அறையில் தண்ணீர் பெருகினாலும் அது தேடிச் சென்று நிற்கும் இடம் அதுதான். மூன்றடி நீளமும் இரண்டரை அடி அகலமும் இரண்டடி ஆழமும் கொண்ட ஒரு குழி 15 கன அடி கொள்ளும். கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மேல் என்பதால், ஏறக்குறைய 425 லிட்டர் ஆகிறது. முன் சொன்ன நிமிடத்திற்கு 10 லிட்டர்க் கணக்கின்படி முக்கால் மணி நேரத்திற்குள் குழி நிரம்பிவிடும்.

குழியில் நீர் நின்றால் மிதிபலகை ஊறும். கயிறுகள் விறைத்துச் சுருங்கும். மண்சுவர்க் குழியாயின் ஓரம் சரியும். தறியில் ஏற்றிய பாவு நேரே நனையாவிட்டாலும் கீழிருந்து எழும் ஈரம் அதன் கஞ்சியை இளக்கிவிடும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும், நெய்யும்போது அறும். தரையில் வைத்த சாயநூல் நனைந்தால் ஒரு நிறம் மற்றொன்றில் இறங்கும். ஜரிகை கறுக்கும். அடைமழைக் காலத்தில் குழியில் ஊற்றெடுத்து வேலை நின்றுபோவதை நெசவாளர் அனைவரும் அறிவர். அது இயற்கையின் செயல், பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் கோடைகாலத்தில், வெயில் காயும் நாளில், ஒரு வால்வு இருக்குமிடம் தெரியாமையால் தறி நிற்குமாயின் அதை யார் செயல் என்பது?

அந்த நூல் பெரும்பாலும் சங்கம் கொடுத்த நூல் என்பதையும் மறத்தல் கூடாது. பாவு கெட்டால் அங்கத்தினருக்குக் கூலி நஷ்டம்; சங்கத்திற்குச் சரக்கு நஷ்டம்; விழாக்காலத்திற்கு ஏற்றுக்கொண்ட ஆர்டர் தவறினால் பெயரும் நஷ்டம். விவசாயி வீட்டிலும் கதை இதுவே. மூலையில் அடுக்கிய மக்காச்சோள மூட்டையின் அடிப்பகுதி ஒருமுறை நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கிறது. யூரியா மூட்டை கரைகிறது. விதைக்கென்று வைத்தது முளைத்துவிடுகிறது.

“ஒரு மணி நேரத் தண்ணீருக்கு இதெல்லாம் எதற்கு?”

இவ்வாறு கேட்பவர் உண்டு. “எங்கள் ஊரில் தண்ணீர் வருவதே ஒரு மணி நேரம், சில நாட்களில் அதுவும் இல்லை, இதற்கு ஒரு வால்வா?” என்பது அவர்கள் வாதம். இதற்கு மதிப்புக் கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். உண்மையில், விட்டுவிட்டு நீர் வரும் ஊருக்கே இந்த வால்வு மிகவும் அவசியம்.

காரணம் எளிது. தண்ணீர் வராத வேளையில் குழாயைத் திறந்து பார்க்கிறோம், காற்றுத்தான் வருகிறது, அப்படியே விட்டுவிட்டு வயலுக்கோ உறக்கத்திற்கோ போய்விடுகிறோம். விடியற்காலை நான்கு மணிக்கு நீர் திறந்து விடப்படுகிறது. திறந்தவர் எழும்போது முற்றம் குளமாயிருக்கிறது. குழாய் உடையவே இல்லை. ஆயினும் விளைவு ஒன்றே. இரவில் படுக்கும்போது கதவைத் தாழிடுவது போல, வெளியூர் செல்லும்போது பூட்டுப் போடுவது போல, வாசல் வால்வையும் மூடிவிட்டுப் போகும் பழக்கம் ஏற்பட்டால் இத்தகைய நஷ்டம் வர வழியில்லை.

மற்றொரு காரணம் சுகாதாரத்தைப் பற்றியது. நீர் நின்றவுடன் தெருக்குழாயில் அழுத்தம் குறைகிறது. அப்பொழுது கசிவுள்ள இணைப்புகளின் வழியே சுற்றிலும் உள்ள அழுக்குநீர் உள்ளே இழுக்கப்படக்கூடும். வாளிக்குள்ளோ தரைத்தொட்டிக்குள்ளோ மூழ்கிக் கிடக்கும் ரப்பர்க் குழாய் வழியாகவும் இது நேரும். தெருக்குழாயில் நேரே மோட்டார் வைத்து உறிஞ்சுவதோ இத்தீமையைப் பன்மடங்காக்கும். நம் வீட்டு வால்வை உரிய நேரத்தில் மூடுவது நம் வீட்டிற்கு மட்டுமன்றி அடுத்த வீட்டிற்கும் செய்யும் உதவியாகும்.

மலைமேல் உள்ள அங்கத்தினருக்கு

கல்வராயன் மலையில் வாழும் அங்கத்தினர்க்கு இவ்விஷயத்தில் தனியாகச் சில சொற்கள் கூற வேண்டியுள்ளது. சமவெளியில் குழாய் உடைந்தால் சின்னசேலத்திலிருந்தோ சங்கராபுரத்திலிருந்தோ ஆள் வரக்கூடும். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் சிற்றூருக்கு, மழைநாளில், அன்றைய தினமே ஆள் வருவது எளிதன்று.

மலைச் சரிவில் நீரின் இயல்பும் வேறு. தொட்டி மேட்டில் இருக்கும். வீடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாய்ச் சரிவில் இருக்கும். தொட்டியிலிருந்து ஒவ்வொரு 10 மீட்டர் கீழிறங்கும்போதும் குழாயிலுள்ள அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் கூடுகிறது. முப்பது மீட்டர் கீழே உள்ள வீட்டுக்கு மூன்று கிலோ அழுத்தம். ஆதலால் இணைப்பு விட்டுப்போவதும் குழாய் வெடிப்பதும் கீழ்வீடுகளிலேயே மிகுதி. கீழ்வீட்டில் ஒரு குழாய் திறந்து கிடந்தால் மேல்வீட்டிற்குச் சொட்டும் ஏறாது. கீழே இருப்பவர் மூடினால்தான் மேலே இருப்பவர் குடிக்கலாம். கூட்டுறவு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எங்கே கிடைக்கும்?

இன்னொன்றும் உண்டு. மலையிலிருந்து ஆண்களும் இளைஞரும் வேலை தேடி வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் போகின்றனர். வீட்டில் இருப்போர் முதியோரும் பெண்களும் பிள்ளைகளுமே. வால்வு மாடித் தொட்டியின் அடியில், ஏணி வைத்து ஏறும் உயரத்தில் இருந்தால், எழுபது வயதுப் பாட்டி அதை எப்படி மூடுவார்? மோட்டார் அறையின் சாவி ஊரில் இல்லாதவர் பையில் இருந்தால் என்ன பயன்? வீட்டில் எப்பொழுதும் இருப்பவர் யாரோ, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வால்வு இருத்தல் வேண்டும். இது மலைக்கு மட்டுமன்று. எல்லா ஊருக்கும் பொருந்தும் விதி.

அறிந்து வைக்க வேண்டியவை

முதலாவது, நம் வீட்டிற்குள் நீர் எத்தனை வழியில் வருகிறது என்பது. ஊராட்சிக் குழாய் ஒன்று. சொந்தக் கிணற்று மோட்டார் ஒன்று. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒன்று. வழி மூன்றானால் வால்வும் மூன்று வேண்டும். ஒன்றை மூடிவிட்டு நீர் நிற்கவில்லையே என்று தவிப்பவர் மற்ற இரண்டையும் மறந்தவராகவே இருப்பார்.

இரண்டாவது, வால்வின் வகை. சிறு சக்கரம் வைத்தது கேட் வால்வு. கடிகார முள் செல்லும் திசையில் பல சுற்றுச் சுற்றினால் மூடும். பல ஆண்டு தொடாமல் விட்டால் துருவும் உப்பும் பிடித்து இறுகிவிடும். அவசரத்தில் முரட்டுத்தனமாய்த் திருகினால் தண்டு முறிந்துவிடும். ஆகையால் மாதம் ஒருமுறை மூடித் திறந்து பழக்க வேண்டும். முழுவதும் திறந்தபின் கால் சுற்றுப் பின்வாங்கி வைப்பது நலம். நீண்ட கைப்பிடி வைத்தது பால் வால்வு. கைப்பிடி குழாயின் நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கால் திருப்பிலேயே மூடிவிடலாம். புதிதாக வைப்பவர் இதையே வைப்பது நல்லது; சிறுவரும் முதியோரும் கையாள முடியும்.

மூன்றாவது, ஒத்திகை. வால்வை மூடுங்கள், சமையலறைக் குழாயைத் திறவுங்கள். குழாய்க்குள் தங்கியிருக்கும் நீர் சிறிது நேரம் ஒழுகிப் பின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், ஒன்று வால்வு பழுது, அல்லது வேறொரு வழியில் நீர் வருகிறது. இதை அமைதியான நாளில் கண்டறிவது அறிவுடைமை.

நான்காவது, மின்சாரம். தரையில் நீர் பரவியிருந்தால், ஈரத்தில் நின்றுகொண்டு எந்த ஸ்விட்சையும் தொடலாகாது. மெயின் ஸ்விட்ச் உலர்ந்த இடத்தில் இருந்து, உலர்ந்த வழியே அங்குச் செல்ல முடியுமானால், அதை முதலில் அணைத்துவிட்டுப் பிறகே நீரில் இறங்க வேண்டும். அவ்வழி நனைந்திருப்பின் எல்லாரும் வெளியே வந்துவிட்டு மின்வாரியத்தாருக்குச் சொல்லுதலே முறை. பாவு போனால் வேறு பாவு கிடைக்கும். உயிர் போனால் கிடைக்குமா?

நீரை நிறுத்தியபின் ஆள் வரும் வரையில், சிறு வெடிப்பாயின் சைக்கிள் டியூப்பைப் பட்டையாக வெட்டி, இழுத்துச் சுற்றி, கம்பியால் கட்டி வைக்கலாம். நூலை இறுக்கத் தெரிந்த நெசவாளருக்கு இது பெரிய வித்தையன்று. பிளாஸ்டிக் குழாயை ஒட்டும் பசை ஈரத்தில் பிடிக்காது. பழுது பார்ப்பதற்குக் கூட நீர் நின்றாக வேண்டும் என்பதை இதனால் அறியலாம். தெருவிலுள்ள வால்வு மட்டும் ஊராட்சிக்கு உரியது. அதை நாமே திருகாமல் தொட்டி இயக்குபவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பெரிய கசிவை மட்டும் அன்றிச் சிறு சொட்டையும் கவனிக்க வேண்டும். நொடிக்கு ஒரு சொட்டு, இருபது சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தால், நாளைக்கு நான்கு லிட்டருக்குமேல். ஆண்டுக்கு 1,500 லிட்டருக்குமேல். கோடையில் கிணற்றின் அடிமண்ணைக் காணும் நாம் இதனை அற்பம் என்று தள்ள இயலாது.

வெள்ள நாள் தந்த பாடம்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேறித் தென்பெண்ணையில் வந்தது. அந்த ஆற்றங்கரை ஊர்கள் பட்ட துயரத்தைத் திருக்கோவிலூர்ப் பக்கத்து அங்கத்தினர் நம்மைவிட நன்கு அறிவர். அத்தகைய பெருவெள்ளத்தை ஒரு வீட்டு வால்வு தடுத்துவிடும் என்று சொல்வது பேதைமை. எனினும் வெள்ள எச்சரிக்கை வந்த உடனே செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டு, தெருக்குழாய் உள்ளே வரும் வால்வை மூடிவிட வேண்டும். அப்பொழுது தெருவில் குழாய் உடைந்து சேறு கலந்தாலும் நம் தொட்டி நீர் தூய்மையாக இருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு வீடும் அண்டைவீடும் குடிக்கலாம். வெள்ளம் வடிந்தபின் உடனே திறந்துவிடாமல், ஊராட்சியார் குழாயைக் கழுவிக் குளோரின் கலந்த பிறகே திறக்க வேண்டும். அதன்பின்னும் சில நாள் காய்ச்சிக் குடிப்பதே நன்று. வெள்ளம் வருமுன் அணை போடு என்ற பழமொழி ஊருக்குச் சொன்னது, வீட்டுக்கும் பொருந்துகிறது.

சங்கம் செய்யக் கூடியது

குழாய் வால்வைப் பற்றிப் பேசுவது கூட்டுறவுச் சங்கத்தின் வேலையா என்று சிலர் புன்னகைக்கக் கூடும். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 28 அங்கத்தினர் கொண்ட சங்கம் தன் கடையைத் திறந்தபோது, அங்கே விற்றது மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி இவையே. நெசவாளரும் பிற தொழிலாளரும் சேர்ந்து, வீட்டுக்கு வேண்டிய சிறு பொருள்களிலிருந்து தொடங்கிய இயக்கம் உலகமெங்கும் பரவியது. நம் நாட்டுக் கைத்தறி நெசவாளருக்கென 1935-ஆம் ஆண்டு தோன்றிய கோ-ஆப்டெக்ஸும் அவ்வழி வந்ததே. சிறு காரியம் என்று ஒதுக்குவது கூட்டுறவின் மரபன்று.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்குச் சில யோசனைகள். தறிக்கூடத்திற்கும் வீட்டிற்கும் கடனோ உதவியோ வழங்குமுன் பார்வையிடச் செல்லும்போது, தறி எங்கே என்று கேட்பது போல வால்வு எங்கே என்றும் கேட்க வேண்டும்; குறிப்பேட்டில் எழுதவும் வேண்டும். சங்கக் கடையில் அரை அங்குல, முக்கால் அங்குல பால் வால்வுகளும் குழாய் சுற்றும் வெள்ளை டேப்பும் இருப்பில் வைக்கலாம். பலருக்காகச் சேர்த்து வாங்கினால் விலை குறையும். ஒரு சாதாரண வால்வின் விலை ஒரு நல்ல கைத்தறி வேட்டியின் விலையை எட்டாது. மகாசபை கூடும் நாளில், தீர்மானங்கள் நிறைவேறிய பின்னர், ஒரு குழாய்த் தொழிலாளியை அழைத்து அரை மணி நேரம் செய்து காட்டச் சொல்லலாம். அங்கத்தினரோடு அவர்தம் மனைவியரும் பிள்ளைகளும் வந்து கையால் திருகிப் பார்க்க வேண்டும். மலைச் சிற்றூர்களில் ஊருக்கு ஓர் இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ இப்பயிற்சி அளித்து, வேண்டிய கருவிகளைச் சங்கமே பொதுவில் வைத்துக் கொடுக்கலாம். முன்னாளில் ஏரிக்கு ஒரு நீர்க்கட்டி இருந்தாரே, அவரைப் போல இன்று குழாய்க்கும் ஒருவர் வேண்டும்.

அங்கத்தினர் செய்ய வேண்டியதற்கு மகாசபை வரை காத்திருக்கத் தேவையில்லை. இவ்விதழைக் கீழே வைத்தவுடன் வீட்டிலுள்ள எல்லாரையும் அழைத்துச் சென்று வால்வைக் காட்டுங்கள். இல்லையேல், வைக்கும் நாளைக் குறியுங்கள். இருப்பின், அதன்மேல் சிவப்புச் சாயம் ஒரு கோடு தீட்டி, வீட்டில் இளைய பிள்ளையைக் கொண்டு ஒருமுறை மூடித் திறக்கச் செய்யுங்கள்.